ஸ்டெப்னி இல்லாத சனிக்கிழமை

தெலாவியில் அறை போட்டிருந்தோம்.
பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல்,
பணம் முழுக்கக் கட்டியாகிவிட்டது,
போகாவிட்டால் திருப்பித் தர மாட்டார்களாம்.

திபிலீசியை விட்டு ஒன்றரை மணி நேரம்.
கொம்போரி மலை இறக்கத்தில்
டயர் ஒரு பெருமூச்சு விட்டது.
டிக்கியைத் திறந்தால்
ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில்
கேத்தோவின் யோகா பாய்.
யார் செய்த வேலை என்ற பேச்சை
திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தோம்.

பஞ்சர் ஒட்ட ஊருக்கு ஒரே ஆள், குராம்.
"பன்றி படுத்திருக்கும் திருப்பத்தில் இடது பக்கம்" என்றார்கள்.
பன்றி எழுந்து போய்விட்டால்?
"போகாது."
போகவில்லை.

குராம் டயரைப் பார்க்கவில்லை,
எங்களைப் பார்த்தார்.
சாப்பிட்டீர்களா என்றார்.
ஆயிற்று என்று நான் சொன்னதை
என் மனைவி மொழிபெயர்க்கவே இல்லை.
அவள் பிறந்த நாடு,
அவளுக்குத் தெரியும்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நீள மேசை.
பதினோரு பேர் ஏற்கெனவே எதையோ கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.
எதை என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
"உங்களை" என்றார்கள்.

கழுத்தளவு மண்ணில் புதைத்த தாழியிலிருந்து
ஒயினை மொண்டு வந்தார் பக்கத்து வீட்டு வாஜா.
குராம் எழுந்தார், கோப்பையை உயர்த்தினார், பேசினார்.
கை ஆடியது, குரல் தழுதழுத்தது,
நடுவில் ஒரு கோழிகூட நின்று கேட்டது.
ஏழு நிமிடம்.
கேத்தோ என் காதில் சொன்னாள்:
"சமாதானம்."

அடுத்தது ஒன்பது நிமிடம்.
"இறந்தவர்கள்."
அதற்கடுத்தது எல்லோரும் சிரித்து,
வாஜா மேசையைத் தட்டி, கண்ணைத் துடைத்து...
"குழந்தைகள்" என்றாள்.

இதற்கிடையில் கொழுக்கட்டை வந்தது.
கிங்காலி என்று பெயர்,
உள்ளே கறியும் கொதிக்கும் சாறும்.
கடித்தேன், சட்டை குடித்தது.
உச்சியில் இருந்த முடிச்சையும் விடாமல் தின்றேன்.
மேசை அமைதியானது.
முடிச்சைத் தட்டில் வைத்துவிட வேண்டுமாம்,
எத்தனை தின்றோம் என்று அதை வைத்துத்தான் எண்ணுவார்களாம்.
என் தட்டு சுத்தம்.
"பாவம், ஒன்றுமே சாப்பிடவில்லை" என்று
இன்னும் பன்னிரண்டு வைத்தார்கள்.

ஏழாவது கோப்பை ஆணிக்கு.
ஆம், என் டயரில் ஏறிய ஆணிக்கு.
விருந்தாளியைக் கொண்டுவந்து சேர்த்த இரும்பு என்று
அதை ஒரு தட்டில் வைத்து நடுவில் வைத்தார் குராம்.
எல்லோரும் எழுந்து நின்றோம்.

பிறகு என் முறை.
நாக்கு உலர்ந்தது, தமிழும் மறந்தது.
"நன்றி. டயர் என்ன ஆயிற்று?" என்றேன்.
கேத்தோ அதை ஆறு நிமிடம் மொழிபெயர்த்தாள்.
வாஜா அழுதார்.
ஒருவர் வந்து என் நெற்றியில் முத்தமிட்டார்.
"என்னடி சொன்னே?"
"நீ சொன்னதைத்தான்."

எட்டு மணிக்கு ஹோட்டலிலிருந்து போன்.
வருகிறீர்களா, கதவைப் பூட்டலாமா என்றார் வரவேற்பில் இருந்தவர்.
குராம் போனைப் பிடுங்கி ஏதோ சொன்னார்.
ஒன்பதரைக்கு அவரும் வந்து சேர்ந்தார்,
எங்கள் அறைச் சாவியோடு,
ஒரு பாட்டில் சாச்சாவோடு.

நள்ளிரவில் வெளியே வந்து பார்த்தேன்.
கார் நான்கு காலில் நின்றது.
படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்
குராமின் மகள் எலிசோ, பதினாலு வயது,
விரலெல்லாம் கிரீஸ்.
எப்போது ஒட்டினாய்?
"சமாதானத்துக்குக் குடித்தீர்களே, அப்போது."
சொல்லியிருக்கலாமே!
"அப்பா பேசும்போது குறுக்கே பேசக் கூடாது."

விதைத் தோலைத் துப்பிவிட்டு
குரலைத் தாழ்த்தினாள்.
பள்ளிக்கூடத்து ஆங்கிலம்,
நிறுத்தி நிறுத்தி வந்தது:
"இந்த மாதம் நீங்கள் மூன்றாவது கார்.
ஆணி எங்கள் வேலியுடையது.
பொறுக்கிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.
அப்புறம் யார் வருவார்கள் என்கிறார்."

உள்ளே மறுபடி நாற்காலிகள் நகர்ந்தன.
என் பெயரைக் கூப்பிட்டார்கள்,
ஏறக்குறைய என் பெயரை.
தட்டிலிருந்த ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
ஒன்று குறைந்தால்
அவரிடம் இன்னும் நிறைய இருக்கும்.

பன்றி இன்னும் அங்கேயேதான்.